ஆணித் துப்பாக்கியும் சம்பந்தியும்

முதல் ஆணி பலகைக்குள் முழுதாக இறங்கவில்லை. ஓர் அரிசி கனத்துக்குத் தலை வெளியே நின்றது. விரலால் தடவிப் பார்த்தேன். இரண்டாவது ஆணி ஒழுங்காக இறங்கியது. மூன்றாவது மறுபடியும் நின்றது, முதலாவதைவிட மோசமாக. இது என்ன கணக்கு என்று எனக்குப் பிடிபடவில்லை. சுத்தியலாக இருந்தால் தெரியும். கை ஓங்கினால் இறங்கும், தளர்ந்தால் நிற்கும். இதில் கையே இல்லை. துப்பாக்கியின் மூக்கைப் பலகையில் வைத்து அழுத்தி விசையை இழுத்தால் 'டப்' என்று ஒரு சத்தம், அதோடு வேலை முடிந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்கிற எதையும் நான் நம்புவதில்லை, மனுஷனாக இருந்தாலும் சரி.

மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன ஆணித் துப்பாக்கி அது. வயர் கிடையாது, காற்றுக் குழாய் கிடையாது, அடியில் பேட்டரியைச் செருகினால் போதும். "உங்க தோளுக்கு இதுதான் சரி மாமா" என்றான். லாரி ஓட்டுகிறவன். அந்த மாதம் முழுக்க அவனுக்கு வெளியூர் லோடு. ஆயுசு முழுக்க மரப்பெட்டி அடித்தவன் நான், மெஷின்களை வைத்து அனுப்புகிற பெரிய பெட்டிகள். ஆனால் அவன் சொன்னது நிஜம்தான். என் வலது கை இப்போதெல்லாம் தோளுக்கு மேல் எழுவதில்லை. சுத்தியலை ஓங்கினால் வலி காது வரை போகிறது.

நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு அறை. மகள் வீட்டில் படுக்கிற அறைகள் எல்லாம் மாடியில். அவள் மாசமாக இருக்கிறாள். நடுவில் கொஞ்சம் இரத்தம் பட்டுவிட்டது. படி ஏறவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கீழே அடுப்படிக்குப் பக்கத்து நடையில் கிடக்கிற பெஞ்சுதான் அவளுக்குக் கட்டில். திரும்பிப் படுத்தால் விழுந்துவிடுவாள். யார் தண்ணீர் குடிக்கப் போனாலும் அவள் காலைத் தாண்டித்தான் போகவேண்டும். வீட்டை ஒட்டி வண்டி நிறுத்துகிற கொட்டகை இருக்கிறது. மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் திறந்தவெளி. அந்த நாலாவது பக்கத்தில் மரச்சட்டம் நிறுத்தி, உள்பக்கமாகப் பிளைவுட் பலகை அடித்து, ஒரு கதவு வைத்துவிட்டால் அறை ஆகிவிடும். சின்ன வேலைதான். இரண்டு ஆள் சேர்ந்து செய்தால் சீக்கிரம் முடிந்துவிடும்.

இரண்டு ஆள் இருந்தோம். சேரத்தான் இல்லை.

இன்னொரு ஆள் சம்பந்தி, மாப்பிள்ளையின் அப்பா. தையல் மெஷின் ரிப்பேர் பார்த்தவர். இப்போது அந்த வீட்டிலேயே இருக்கிறார். எனக்கு வீட்டுக்காரி இல்லை, அவருக்கும் இல்லை, அது ஒன்றில்தான் எங்களுக்குள் ஒற்றுமை. முதல் நாள் நான் அறுத்து வைத்த ஒவ்வொரு சட்டத்தையும் அவர் மறுபடி அளந்தார். அதுவும் சட்டைப் பையிலிருந்து எடுத்த துணி டேப்பால். "இது சட்டம் சம்பந்தி, ரவிக்கை இல்ல" என்றேன். "அளவு எல்லாத்துக்கும் ஒண்ணுதான் சம்பந்தி. நீங்க பெட்டிக்காரர், கொஞ்சம் கூடக் கொறைய இருந்தா ஆணி அடிச்சு மூடிடுவீங்க" என்றார். அதற்கு நான் ஒன்று சொன்னேன், அவர் ஒன்று சொன்னார். கடைசியில் என் மகள் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து நின்றாள், ஒரு கை இடுப்பில், ஒரு கை சுவரில்.

"அப்பா, நீ காலையில வா. மாமா, நீங்க சாப்பாட்டுக்கு அப்புறம் பாருங்க. ரெண்டு பேரும் ஒண்ணா உள்ள இருந்தா எனக்குத்தான் படபடன்னு வருது."

அப்படித்தான் ஷிப்ட் வந்தது.

சண்டைக்கு முன்னால் நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். சம்பந்தி துப்பாக்கியை வாங்கி ஒரு கழிவுக் கட்டையில் 'டப் டப்' என்று சும்மா அடித்துப் பார்த்தார், திருவிழாவில் பலூன் சுடுகிற சின்னப் பிள்ளை மாதிரி. ஆணி சரம் சரமாக, காகிதத்தில் ஒட்டி வருகிறது. அது தீர்ந்தால் இன்னொரு பெட்டிக்கு யார் போவது? அதனால் தினமும் கிளம்பும்போது ஆணிப் பெட்டியை என் பையிலேயே போட்டுக்கொள்வேன். துப்பாக்கியில் சரத்தைப் போடுகிற ஆணிக்கூட்டில் ஒரு சரத்தை ஒடித்து அதில் பாதிக்கும் குறைவாக விட்டுவைப்பேன். மத்தியான வேலைக்கு அது போதும்.

மறுநாள் வந்து பார்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும். இரண்டு மூன்று ஆணி அடித்திருப்பார். மிச்ச ஆணி கூட்டிலேயே இருக்கும். பலகை ஒன்று கயிறு போட்டுக் கட்டி நின்றுகொண்டிருக்கும். மனுஷன் மத்தியானம் முழுக்கத் தூங்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

"மாமா தூங்கலப்பா. மெஷின் மத்தியானம் சுட மாட்டேங்குதாம்" என்றாள் மகள்.

"ஏன், மெஷினுக்கும் மத்தியானத் தூக்கமா?"

அவள் சிரிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

சரி, நான் என் வழக்குக்கு வருகிறேன். காலையில் எனக்கு ஆணி தலை தூக்கி நிற்கிறது. பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். பச்சை விளக்கு எரிந்தது, ஆனால் விளக்குப் பொய் சொல்லலாம். முழு இரவு சார்ஜ் போட்டும் அதேதான். மரத்தைச் சந்தேகப்பட்டேன். கணு இல்லாத இடத்தில் அடித்தேன், அங்கேயும் நின்றது. என் கையைச் சந்தேகப்பட்டேன். மூக்கைச் சரியாக அழுத்தாமல் சாய்த்துப் பிடிக்கிறேனோ என்று முழங்காலால் முட்டுக்கொடுத்து நேராகப் பிடித்தேன். ஒன்று இறங்கியது, ஒன்று நின்றது. மூக்குக்கு மேலே ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது, ஆணி எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்று வைக்க. அதை ஆழத்துப் பக்கமே திருப்பிக்கொண்டு போனேன், அதற்கு மேல் திரும்பாது என்கிற வரைக்கும். கொஞ்சம் தேவலாம்போல் இருந்தது. மறுநாள் காலை மறுபடியும் மோசம். ராத்திரி சும்மா கிடக்கிற சாமான் காலையில் எப்படிச் சீக்காகும்? எரிச்சல் ஒரு பக்கம், அது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் சோறு இறங்காது என்கிற மாதிரி ஒரு அரிப்பு இன்னொரு பக்கம். படுக்கையில்கூட அந்த 'டப்' சத்தத்தை நினைத்துப் பார்த்தேன். நல்ல ஆணிக்கு ஒரு சத்தம், நின்ற ஆணிக்கு வேறு சத்தம். நின்ற ஆணிக்கு முன்னால் உள்ளே 'ஸ்ஸ்' என்று எதுவோ வழுக்குகிறது.

செவ்வாய்க்கிழமை காலை மகள் சொன்னாள், "வியாழக்கிழமை நாத்தனார் வண்டி அனுப்புறாங்களாம்ப்பா. அங்க கீழேயே ரூம் இருக்கு. போயிடலாம்னு பாக்குறேன்."

அந்த ஊருக்கு வண்டியில் அரை நாள் ஆகும். குலுங்குகிற ரோடு.

"டாக்டரம்மா வண்டியில போகலாம்னு சொன்னாங்களா?"

"போகாம இருந்தா நல்லதுன்னாங்க." பெஞ்சின் ஓரத்தைத் தடவினாள். "தூங்காம இருந்தாலும் நல்லதில்லன்னாங்க. எத கேக்குறது?"

துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார், அநேகமாக அந்தக் கண்ணாடியைத்தான். முதலில் பேட்டரியைக் கழற்றி மேஜையில் தனியாக வைத்தார். பிறகு மூக்கைத் திருப்பிப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

"பெரியவரே, இதுக்கு யாரு எண்ணெய் போட்டது?"

"யாரும் போடல."

ஒரு துணியை உள்ளே விட்டு எடுத்துக் காட்டினார். துணி நனைந்து பழுப்பாக வந்தது. "யாரும் போடாம தானா வேர்த்துச்சா?"

துணியை வாங்கி நானும் மோந்து பார்த்தேன்.

"காத்துல ஓடுற துப்பாக்கிக்குத்தான் எண்ணெய். இது பேட்டரி. உள்ள ஒரு சக்கரம் படுவேகமா சுத்தும். அது ஒரு தகட்டக் கவ்விப் புடிச்சுத் தள்ளினாத்தான் ஆணி இறங்கும். சக்கரத்துல எண்ணெய் பட்டா புடி கிடைக்காது, வழுக்கும். மீனப் புடிக்கிற மாதிரி." மூடியைக் கழற்றி எந்த இடத்தைத் துடைக்கவேண்டும், ஸ்பிரிட் எவ்வளவு தொடவேண்டும் என்று காட்டினார். "நான் மேலாக்கத் துடைச்சிருக்கேன். வீட்டுல போயி நிதானமா இன்னொரு தடவ துடைங்க. வேற ஏதாவது தொந்தரவு உண்டா?"

"மத்தியானத்துல வேலை செய்யுறவரு, சுடவே இல்லைங்கிறாரு."

"ஆணி எவ்வளவு இருந்துச்சு?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்னா கொஞ்சந்தான்."

"அதான் விஷயம். ஆணி கொறஞ்சா அதுவே பூட்டிக்கும். வெறுங்கூட்ட வெச்சு அடிச்சா தகடு கெட்டுடும் பாருங்க, அதுக்காக. கூட்டுல நெறைய போட்டு வைங்க, ஆணிக்கென்ன, கோவிச்சுக்கவா போகுது?"

வழி முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எண்ணெய்! அந்த ஆள்தான். தையல் மெஷினுக்கு விட்ட பழக்கத்தில் இதற்கும் விட்டிருக்கிறார். விட்டுவிட்டு வாயைத் திறக்கவில்லை. நான் காலை முழுக்க மரத்தைத் தடவிக்கொண்டு பைத்தியக்காரன் மாதிரி நின்றிருக்கிறேன். மகள் முன்னால் வைத்தே கேட்டுவிட வேண்டும். இரண்டாவதாகக் கடைக்காரர் சொன்ன விஷயமும் மனசில் இருந்தது, செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி. அதை அவரிடம் சொல்லவேண்டிய அவசியம் இல்லை என்று முடிவு செய்தேன். இனிமேல் ஒரு சரம் முழுதாக விட்டுவைத்தால் போயிற்று. யாருக்குத் தெரியப்போகிறது?

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்பதுதான் என் திட்டம். அதனால் துப்பாக்கியை நான் இரண்டாம் தடவை துடைக்கவில்லை. வழக்கம்போலக் கூட்டில் ஒரு துண்டுச் சரத்தை விட்டு, எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்துவிட்டு, போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். சாப்பாட்டுக்குப் பிறகு கொட்டகையின் வெளிப்பக்கமாகச் சத்தம் போடாமல் வந்து நின்றேன். பலகை அடிக்காத சட்டங்களுக்கு நடுவில் உள்ளே எல்லாம் தெரிந்தது.

சம்பந்தி தூங்கவில்லை. கால் மடக்க ஒரு பழைய தலையணையைப் போட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பலகையைத் தோளால் தாங்கிப் பிடித்திருந்தார். ஆணி அடிக்கவேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளி, நூல் பிடித்த மாதிரி ஒரே கோடாக. முதல் ஆணி 'டப்' என்று பலகையைத் துளைத்துக்கொண்டு ஆழத்தில் போய்விட்டது. நான் திருப்பி வைத்த ஆழச் சக்கரம்தான் காரணம். அவர் அந்தப் பள்ளத்தைச் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்து உச்சுக்கொட்டினார். அடுத்தது கொஞ்சம் தலை தூக்கியது. அதற்கு அடுத்து துப்பாக்கி நின்றுவிட்டது. அழுத்தினார், இழுத்தார், ஒன்றும் இல்லை.

"என்னம்மா? இன்னிக்கும் கோவமா?" என்றார். துப்பாக்கியைத்தான்.

பலகையை மெல்லக் கீழே இறக்கினார். பையிலிருந்து நீளமூக்கு எண்ணெய்க் குப்பியை எடுத்தார். ஒரு சொட்டு விட்டார், ஒரே ஒரு சொட்டு. அது உள்ளே இறங்கும்வரை தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு வெளியே பட்டதைத் துணியால் ஒற்றி எடுத்தார், குழந்தைக்கு வாய் துடைக்கிற மாதிரி. நான் கத்திக்கொண்டு உள்ளே போயிருக்க வேண்டும். அதற்குத்தானே வந்தேன். ஆனால் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று பார்க்கத் தோன்றியது. ஒரு மனுஷன் யாரும் பார்க்காதபோது ஒரு சாமானை இப்படித் தொடுவதை நான் கண்டதில்லை.

அவர் துப்பாக்கியைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்தார். பேட்டரி அப்படியே இருந்தது. இடது உள்ளங்கையால் அதன் மூக்கை அழுத்தி, காதைப் பக்கத்தில் கொண்டுபோய், விசையை இழுத்தார். உள்ளே என்ன சத்தம் வருகிறது என்று கேட்கிறார்!

"சம்பந்தி! கைய எடுய்யா!"

சட்டங்களுக்கு நடுவே எப்படி நுழைந்தேன் என்று தெரியவில்லை. தோள் இடித்தது. துப்பாக்கியைப் பிடுங்கிப் பேட்டரியைக் கழற்றினேன். அது என் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"அங்க என்ன?" என்று நடையிலிருந்து மகள் குரல்.

"ஒண்ணுமில்லம்மா" என்றோம் இரண்டு பேரும்.

சம்பந்தி தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு புள்ளி எண்ணெய்தான் இருந்தது. "எதுக்கு இப்படிக் கத்துறீங்க? அதுதான் சுடலையே."

"உள்ள ஆணி இருக்குய்யா. சுட்டிருந்தா?"

"நீங்க ஏன் திருடன் மாதிரி அங்க நின்னீங்க?"

அதை விட்டுவிட்டு என்னிடம் இருந்த பதிலை எடுத்தேன். "இதுக்கு எண்ணெய் போடக்கூடாது. கடைக்காரர் சொல்லிட்டாரு. உள்ள சக்கரம் வழுக்குது. எனக்குத் தினமும் காலையில ஆணி நிக்குதே, அது உங்க வேலை."

கோபப்படுவார் என்று பார்த்தேன்.

"வழுக்குதா? அப்போ அது பல்சக்கரம் இல்லையா? வெறும் உராய்வுலயா தள்ளுது?" கண் விரிந்தது. பிறகு சுருங்கியது. "சரி, என் தப்புதான். ஆனா சம்பந்தி, ஓடாத மெஷினுக்குத்தான் நான் எண்ணெய் விட்டேன். ஓடியிருந்தா ஏன் விடப்போறேன்? அது ஏன் ஓடல? அதையும் கடைக்காரர் சொன்னாரா?"

நேராக என்னைப் பார்த்துத்தான் கேட்டார். தெரிந்து கேட்கவில்லை, அது முகத்தில் தெரிந்தது. தெரியாது என்று சொல்லிவிடலாம். பையை இன்னும் தோளில் மாட்டிக்கொண்டுதான் நின்றேன். எதிரே அந்த உள்ளங்கை, இன்னும் திறந்தபடி.

பையைக் கீழே வைத்தேன். ஆணிப் பெட்டியை எடுத்து அவருக்கு முன்னால் தரையில் வைத்தேன்.

அவர் பெட்டியைப் பார்த்தார். ஆணிக்கூட்டை இழுத்து அதில் கிடந்த துண்டுச் சரத்தைப் பார்த்தார்.

"ஆணி கொறஞ்சா அது பூட்டிக்குமாம்" என்றேன்.

"பெட்டி நெறைய இருந்துச்சா?" அவர் குரல் தாழ்ந்துபோயிற்று. "நான் என்ன நெனச்சேன் தெரியுமா? ஆணி தீந்துபோச்சு, வெளிய சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு, மனுஷன் இருக்குறதுல எனக்கும் பங்கு வெச்சுட்டுப் போறாருன்னு. பையன்கிட்டகூட போன்ல சொன்னேன். வரும்போது ஆணி வாங்கிட்டு வாடா, உன் மாமனாருக்குத் தெரிய வேண்டாம்னு."

என்னை அறைந்திருக்கலாம் அவர். நான் குனிந்து பேட்டரியை எடுத்து எட்டத்தில் வைத்தேன்.

"மூடியத் தொறக்க ஸ்குரூடிரைவர் இருக்கா?" என்று கேட்டேன்.

"என்கிட்ட இல்லாமயா?"

தலையணையில் அவர், ஒரு கவிழ்த்த வாளியில் நான். மூடி திறந்தது. உள்ளே அந்தச் சக்கரம். உள்ளங்கை அகலம்கூட இல்லை, எண்ணெயில் கண்ணாடி மாதிரி பளபளத்தது. இவ்வளவு நாள் என்னை ஆட்டிவைத்தது இதுவா என்று பார்த்தேன். விரலால் சுற்றினால் சத்தமில்லாமல் சுற்றியது. "எவ்வளவு அழகா உக்காத்தி வெச்சிருக்கான் பாருங்க" என்றார் அவர். எங்கள் தலை இரண்டும் முட்டிக்கொண்டது, நகரவில்லை. ஸ்பிரிட் தொட்ட துணியால் அவர் துடைக்க, நான் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். துணி வெள்ளையாக வரும்வரை விடவில்லை.

"இந்த ஆழச் சக்கரத்த யாரு கடைசி வரைக்கும் திருப்பி வெச்சது?"

"நான்தான்."

"அதானே பாத்தேன். என் பலகையெல்லாம் அம்மை போட்ட மூஞ்சி மாதிரி ஆயிடுச்சு."

"பங்கு பங்குன்னு சொன்னீங்களே, அதுல இதையும் சேத்துக்குங்க" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது.

ஆழச் சக்கரத்தை நடுவில் வைத்தோம். சரத்தை ஒடிக்காமல் போட்டோம். பேட்டரியைச் செருகிக் கழிவுக் கட்டையில் வைத்து அடித்தேன். முதலாவது ஆணி தலை தூக்கியது. சம்பந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டார். "மிச்ச எண்ணெய், எரிஞ்சு போகட்டும்" என்றார். அடுத்தது நகக்கண் அளவுக்கு நின்றது. அதற்கடுத்தது மரத்தோடு மரமாகப் போனது. தடவினால் தலை எங்கே என்று தெரியவில்லை. "குடுங்க, குடுங்க" என்று வாங்கி அவர் ஒன்று அடித்தார். இன்னொன்று அடித்தார். வீணாகிறதே என்று என் வாய் வரைக்கும் வந்தது. அதற்குப் பதில் "நான் ஒண்ணு" என்று கை நீட்டினேன்.

அதன் பிறகு பலகையை அவர் தாங்க நான் அடித்தேன், என் தோள் வலித்தபோது நான் தாங்க அவர் அடித்தார். அவர் வைத்த பென்சில் புள்ளி மேலேயே ஆணி விழவேண்டும் என்று அடம்பிடித்தார். விழுந்தது. மறுநாளும் சேர்ந்தே அடித்தோம். வாக்குவாதம் இல்லாமல் இல்லை, கதவு எந்தப் பக்கம் திறக்கவேண்டும் என்பதற்கு ஒரு மணி நேரம் போனது. புதன்கிழமை சாயங்காலம் கடைசிப் பலகைக்கு வெளிச்சம் போதாமல் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நின்றார்.

மகள் வந்தாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனாள். நாங்கள் அவள் பின்னால் போகவில்லை. வெளிப்பக்கமாகப் போய், சட்டங்களுக்கு நடுவே பலகையின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே அவள் நடப்பது கேட்டது, மெல்ல, நின்று நின்று. ஒரு மூலையில் நின்றாள். தரையில் கை ஊன்றுகிற சத்தம், உட்காருகிறாள்.

"வண்டிக்காரருக்கு இன்னிக்கே சொல்லிடணும்" என்றாள் உள்ளேயிருந்து. என்ன சொல்ல என்று சொல்லவில்லை.

நான் கேட்க வாயைத் திறந்தேன். சம்பந்தி என் முழங்கையைப் பிடித்தார். பிறகு அவள் முதுகைச் சாய்த்தாள். பலகை எங்கள் பக்கமாக ஒரு நூல் வளைந்தது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அதில் கையை வைத்தோம், அவர் உள்ளங்கை ஒரு பக்கம், என்னுடையது ஒரு பக்கம். ஆணி எதுவும் கிறீச்சிடவில்லை. உள்ளே சத்தமே இல்லை. பலகை மட்டும் அவள் மூச்சோடு எங்கள் கைக்கு அடியில் லேசாக ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது, நிதானமாக.